குட்டிச்சாத்தான் குறைவு

ரத்தத்தில் கோபாலமின் குறைவு என்று
இயந்திரம் துப்பிய தாளைக்
கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை,
கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்துவிட்டு
"இது எந்த ஊர் வார்த்தை, ஹைட்ரூன்?" என்றார்
கோட்ஹோல்ட் ஸைஃபர்ட்.

ஷ்னீபெர்க், ஜனவரி.
ஆய்வுக்கூட ஜன்னலில் பாதிவரை பனி.
மூன்று மாதமாய் அவருக்குப்
பாதம் இரண்டும் மரத்துக் கிடக்கின்றன.
ஒரு செருப்பு கழன்றதே தெரியாமல்
ரொட்டிக்கடை வரை போய்விட்டாராம்.
"லத்தீனோ கிரேக்கமோ, என்ன எழவோ.
என் ரத்தத்தில் அதற்கென்ன வேலை?"

நான் ரத்தம் எடுப்பவள்.
சொல்லாராய்ச்சி என் வேலையில்லை.
ஆனால் இரவுப் பணியில்
சுழலிக்குள் குழாய்கள் சுற்றும் பத்து நிமிடத்தை
என்ன செய்ய?
ரத்தத்தைச் சுழற்றினால் கனமானது அடியில் தங்கும்.
கோபாலமினையும் ஒருநாள் சுழற்றிப் பார்த்தேன்.
அடியில் தங்கியது
இந்த ஊர் மலை.

வெள்ளி தேடி இதற்குள் இறங்கியவர்கள்
வெள்ளிபோல் பல்லிளித்த கல்லைச் சுமந்துவந்து
உலையில் போட்டார்கள்.
வெள்ளி வரவில்லை.
பூண்டு நாற்றத்தோடு புகை வந்தது.
கை புண்ணானது. மூச்சு முட்டியது.
சிலர் மறுநாள் வேலைக்கு வரவில்லை,
அதற்கு மறுநாளும்.
கல்லைப் பிரித்துப் பார்க்க அன்று வழியில்லை,
பழி போட ஆள் இருந்தது:
சுரங்கத்துக் குட்டிச்சாத்தான், கோபோல்ட்.
நல்ல வெள்ளியைத் தின்றுவிட்டு
இதை வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.
காறித் துப்பி, அந்தப் பெயரையே
கல்லுக்கு வைத்தார்கள்.

செம்பின் நிறம் காட்டிச் செம்பு தராத கல்லுக்கு
இன்னொரு பேயின் பெயர்: நிக்கல்.
உலையில் வெள்ளீயத்தை விழுங்கியது ஒன்று,
ஆட்டை விழுங்கும் ஓநாய்போல.
அது வொல்ஃப்ராம்.
தனிம அட்டவணையில் டபிள்யூ என்று நிற்கிறதே,
அந்த ஓநாய்தான்.
டங்ஸ்டன் என்று எத்தனைபேர் கூப்பிட்டாலும்
திரும்பிப் பார்ப்பதில்லை.

"பாதி இந்த ஊர்" என்றேன் அவரிடம்.
"மீதி?"
மீதி எகிப்து.
பாலைவனத்தில் ஆமோன் என்றொரு தெய்வம்,
அதன் கோயிலருகே கிடைத்ததாகச் சொல்லும் உப்பு,
உப்பிலிருந்து அமோனியா,
அமோனியாவிலிருந்து அமின்.
சாத்தானும் சாமியும்
ஒரே குப்பியில்.

வைட்டமின் எல்லாமே அமின் என்று
முதலில் நினைத்தது தப்பு என்பதையும் சொன்னேன்.
தெரிந்த பிறகு
வாலில் ஓர் எழுத்தை மட்டும் நறுக்கிவிட்டு
பெயரை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.
(பதிவேட்டில் நானும்
அப்படித்தான் திருத்துகிறேன்.)

அவர் சட்டைக் கையை மடித்தார்.
"எங்கள் வீட்டில் நாலு தலைமுறை
அந்தச் சனியனை வெளியே வாரிக் கொட்டினோம்.
நீ இப்போது காசு வாங்கிக்கொண்டு
உள்ளே ஏற்றுகிறாய்."

குப்பியின் கழுத்தை உடைத்தேன்.
மாதுளைச் சாறுபோல் சிவப்பு.
"நீலமாக அல்லவா இருக்கவேண்டும்?" என்றார் சட்டென்று,
"எத்தனை ஊர்ப் பீங்கானுக்கு
நீலம் கொடுத்த கல்!"
அதுவரை மரத்துக் கிடந்த குரல் அது.
ஏன் சிவப்பு என்று எனக்குத் தெரியவில்லை.
பெயரை எவ்வளவு தோண்டினாலும்
அதற்குள் நிறம் இல்லை.

ஊசி இறங்கியபோது வைதார்.
சுரங்கத்து வசை, ஒற்றைச் சொல்,
நான் இதுவரை கேட்டிராதது.
என்னையா, ஊசியையா, மருந்தையா,
கேட்கவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
கையுறைப் பெட்டியின் ஓரத்தில் குறித்துவைத்தேன்.
இன்னும் பெயரில்லாத ஏதாவது
எங்காவது யாரையாவது ஏய்த்துக்கொண்டிருக்கும்.

"அடுத்த வியாழனா?"
"அடுத்த வியாழன்."

கதவருகே நின்றார்.
மரத்த பாதத்தால் தரையை
இரண்டு தட்டுத் தட்டினார்,
கீழே இன்னும் யாராவது
இருக்கிறார்களா என்பதுபோல்.